ரேவதி நிச்சயத்துக்கு நூறு ஸ்பீடு ஃபிலிம்

தை 11, ஞாயிறு

அக்கா மகள் ரேவதிக்கு நிச்சயதார்த்தம். மாமல்லபுரத்து வெயிலில் சூரியனுக்கே கண் கூசும் என்று, கேமராச் சக்கரவர்த்தியாகிய நான் நல்ல வெயிலில் மட்டும் படம் விழும் நூறு ஸ்பீடு கலர் ஃபிலிமைப் போட்டுக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தை மறந்துவிட்டேன். அது கழிந்து, ஆறு மணிக்கு மேல்தான் தட்டு மாற்றினார்கள். இருட்டைச் சமாளிக்கும் எண்ணூறு ஸ்பீடு ரோல் செங்கல்பட்டு வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஃபிளாஷும் இல்லை.

"யாரும் போன்ல எடுக்காதீங்க, எங்க மாமா எடுத்துகினு கீறாரு!" என்று ரேவதி ஊரையே அடக்கினாள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் முப்பது படம் எடுத்தேன்.

"மாமா, நல்லா வந்துகீதா?"

"லோகமே மிரண்டுபூடும் பாரு" என்றேன்.

பாதிகூடத் தேறாது. ரோலில் இன்னும் ஆறு படம் மிச்சம். காலை வெயிலில் ஜோடியை அதே பட்டோடு கடற்கரையில் நிறுத்தலாம். அதற்கு அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று முறை போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.