லீவர் பிடித்த கை

இன்று காலை மில்லில் லீவர் பிடிக்கும் புது ஆள் என்மேல் எரிந்து விழுந்தான். "என்னாண்ணே, சக்கரம் வேகம் புடிக்கறதுக்குள்ளயே கத்தறீங்க? எஞ்சின் எப்படி ஓடும்?" முறிந்த மணிக்கட்டு கூடி, இந்த வாரம்தான் மறுபடி எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைத் தொட்டிருக்கிறேன். கையெல்லாம் டீசல் வாடை. மாமா, உங்கள் நினைவு வந்தது.

அக்காவைக் கட்டிய உங்களுக்கு இந்த ஓசூர் எண்ணெய் மில்லில் வேலை வாங்கித் தந்ததே நான்தான். நான் கைப்பிடியைச் சுற்றி, சக்கரம் வேகம் எடுத்ததும் கத்துவேன். சக்கரம் லேசாகச் சுற்ற, எஞ்சினின் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவரை நீங்கள் தூக்கிப் பிடித்திருப்பீர்கள்; அதை அந்த நொடியே விட வேண்டும். தாமதித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும். "உடுங்கன்னு இழுக்காத மச்சான், உடுன்னாப் போதும். எஞ்சினுக்கு மரியாதை தெரியாது" என்பீர்கள்.

போன வருடம் எஞ்சின் திடீரென்று முரண்டு பிடித்தது. மெக்கானிக் வந்து பிரித்துப் பூட்டினார். பிறகு சில மாதம் ஒழுங்காகக் கிளம்பியது. அவர்தான் சரிசெய்தார் என்று நம்பினோம்.

அப்புறம் ஒருநாள் லீவர் மிகவும் தாமதமாக விழுந்தது. கைப்பிடி திருப்பி அடித்து என் மணிக்கட்டு முறிந்தது. முதலாளி கேட்டபோது வலியும் கோபமுமாகச் சொன்னேன்: "லீவு நாள்ல எல்லை தாண்டிப் போயிட்டு வர்றாருங்க." மதுவிலக்கு இருக்கிற நம் ஊரில் மைசூர் ராஜ்யத்துப் பக்கம் போகிறவனைப் பற்றி அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அன்றே உங்களை நிறுத்தினார்கள். நீங்கள் உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அக்கா பிறகுதான் சொன்னாள். "பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போனாருடா. நெனச்ச நேரத்துக்குக் கை அசைய மாட்டேங்குதுன்னு. மூளைல கட்டியாம். தெரிஞ்சா வேல போயிடும்னு உங்கிட்டக் கூடச் சொல்ல வேணாம்னுட்டாரு."

மூன்றாம் மாதம் போய்விட்டீர்கள். நான் அழவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. அக்கா என்னோடு பேசுவதில்லை, அதுவும் பழகிவிட்டது.

இன்று அவன் திட்டியபோதுதான் புரிந்தது. எஞ்சினை மெக்கானிக் சரிசெய்யவில்லை. உங்கள் கை பிந்தியதை என் வாய் எப்போதோ கண்டுகொண்டு, மாதக்கணக்கில் முன்கூட்டியே கத்தியிருக்கிறது. என் வாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நாளையிலிருந்து சரியான நேரத்தில் கத்தச் சொல்கிறான். சாயங்காலம் வரை முயன்று பார்த்தேன், வரவில்லை. லீவரை அவன்தான் பிடித்திருக்கிறான், மாமா. நான் இன்னும் உங்கள் கைக்குத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.