மிராசின் ஐந்தாவது நகம்

என் உயிரான அக்காவுக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்பட்டால் நன்றாக இருக்காது. இன்று காலை பத்து மணிக்கு உன் நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஊதாப் பூப் போட்டது. தோளில் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டேன், வாசலில் யாராவது வந்தால் நீ அவசரமாக எடுத்துப் போட்டுக்கொள்வாயே, அப்படி. ஐம்பத்து நாலு வயது, மீசை, தொப்பை. கண்ணாடியில் பார்த்தேன். அச்சு அசல் நம் பெரியத்தை.

சிரிக்காதே. எல்லாம் உன் நாய்க்காகத்தான்.

மிராசை மன்னார்குடிக்குக் கூட்டிவந்து ஆறு மாதம் ஆகிறது. நீ வைத்த பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கிறது. ஆனால் உன் திருக்காட்டுப்பள்ளி வீட்டில் ஆற்றங்கரை ரோட்டில் ஓடித் தானாகத் தேய்ந்த நகம், இங்கே டைல்ஸ் தரையில் தேயவில்லை. நடந்தால் டைப்ரைட்டர் அடிக்கிற சத்தம். முன்னங்காலில் கொஞ்சம் மேலே, தரையைத் தொடாமல் தொங்குமே ஐந்தாவது நகம், வலது காலில் அது அரிவாள் போல வளைந்து சதையைத் தொட்டுவிட்டது. மிராசு நொண்டுகிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இன்னும் பத்து நாள் விட்டா உள்ள இறங்கிடும். மயக்க ஊசி போட்டு வெட்டலாம். ஆனா பதிமூணு வயசு, இதயம் வேற வீக்கா இருக்கு. திரும்ப எந்திரிக்குமான்னு நான் சொல்ல முடியாது. அதுக்கு நல்லா பழகுனவங்க யாராச்சும் வீட்லயே வெச்சு வெட்டிருங்க."

பழகினவர்களாம். உன் விலாசத்தை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

நாங்களும் சும்மா இருக்கவில்லை. தயிர் சோறு வைத்து ஏமாற்றினோம். சோறு போனது, கால் கிடைக்கவில்லை. தூங்கும்போது போனேன். கண்ணைத் திறக்காமலே கடித்தது. மாலதி சாக்கைப் போட்டு அமுக்க, நான் காலைப் பிடிக்க, கடைசியில் சாக்குக்குள் இருந்தது மாலதியின் கைதான். "ஊரையே சிரிக்க வெச்சு எழுதுறீங்க, ஒரு நாயைப் பிடிக்கத் தெரியலயே! அதான் சிரிக்குது பாருங்க," என்றாள். நிஜமாகவே அது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

நீ எப்படி வெட்டுவாய் என்று யோசித்துப் பார்த்தேன். அதன் காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுவாய். நாயிடம்தான். எவள் எவளோடு சண்டை, எந்த வீட்டுப் பெண் சிங்கப்பூரிலிருந்து என்ன கொண்டுவந்தாள். மிராசு கேட்டுக்கேட்டுச் சொக்கிப்போகும். ஊடே ஒரு டக், இன்னொரு டக். வம்பு முடியும்போது நகமும் முடிந்திருக்கும்.

வம்பில் நான் உனக்கு இளைத்தவனா? வாசனைக்குத்தான் வழியில்லை. அப்போதுதான் பெட்டியில் துவைக்காமல் வைத்திருந்த நைட்டி ஞாபகம் வந்தது.

மாலதி கோயிலுக்குப் போனாள். பின்கட்டில் தரையில் உட்கார்ந்தேன். மிராசு வந்தது. மடியை மோந்தது, துண்டை மோந்தது, என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு தானாகவே வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தது.

நான் பேச ஆரம்பித்தேன். உன் குத்தகைக்காரர் காளிமுத்து குறுவை நடவை முடித்துவிட்டார், இந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. டக். உன்னோடு ஏழு வருடமாகப் பேசாத மேலத்தெரு சம்பந்தியம்மாள் உன் பதினாறாம் நாளுக்கு முதல் ஆளாக வந்தாள். டக். வந்து அழுதாள். டக். அழுதுகொண்டே இரண்டு முறை வடை கேட்டு வாங்கினாள். டக். நாலு நகம்!

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி டீச்சர் அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கவேண்டுமா?

"என்ன சார்... மாலதி ஊர்ல இல்லையா?"

"நாய்க்கு நகம் வெட்டுறேன் டீச்சர்."

"அதுக்கு எதுக்கு சார் நைட்டி?"

"அக்காவோடது டீச்சர்."

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு மெதுவாகத் தலையை இறக்கிக்கொண்டார்.

மிச்சம் அந்த ஐந்தாவது நகம். வளைவுக்கும் சதைக்கும் நடுவே நகவெட்டியை நுழைத்தேன். கறுப்பு நகம், ரத்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் இழுத்தது, உதைத்தது, கடித்தது. அப்போதெல்லாம் எனக்குத் தைரியம் இருந்தது. இப்போது முழுக் காலையும் என் மடியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, என்னால் முடியவில்லை. ஏன் அக்கா?

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீயும் இப்படித்தான் கையை நீட்டினாய். ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கை. "டேய் சின்னவனே, நகம் வளந்துபோச்சுடா. போர்வை நூல்ல மாட்டுது. வெட்டி விடேன்." பையில் நகவெட்டி இருந்தது. "இன்னைக்கு செவ்வாக்கிழமைக்கா, நாளைக்கு வெட்டுறேன்," என்றேன். செவ்வாய், வெள்ளியில் நகவெட்டியைத் தொடக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம் அல்லவா? நீ என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "நீ எப்படா இதெல்லாம் பாக்க ஆரம்பிச்ச?" என்றாய். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

மறுநாள் விடிவதற்குள் நீ போய்விட்டாய். அந்த நகங்களோடுதான் உன்னை அனுப்பினோம்.

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நைட்டியைக் கழற்றியதும் மிராசு அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. அதன் மேல்தான் படுத்திருக்கிறது. நான் குனிந்தால் உறுமுகிறது. மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் நாலு நகம் வெட்டியபோதே அம்மாவின் சட்டத்தை உடைத்தாகிவிட்டது, ஐந்தாவதுக்கு மட்டும் என்ன? விளக்கு வைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இதை முடித்ததும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போவேன். கடிக்கட்டும். நாளைக்கு என்ற வார்த்தையை மட்டும் இனி யாரிடமும் சொல்லமாட்டேன், உன் நாயிடம்கூட. இது சத்தியம்.

உன் கையைப் பிடித்து வளர்ந்த
சின்னத்தம்பி

பி.கு.: ஆஸ்பத்திரியில் நீ கையை நீட்டிய அன்றைக்குத் திங்கட்கிழமை. காலண்டர் உன் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது.