டாக்டரிடம் அவர் கேட்டது

புதன்கிழமை, ராத்திரி

என்ற கைவலிக்கு ஆபரேசன் பண்ணலாம்னு பாலக்காட்டு டாக்டர் இன்னைக்குச் சொன்னார். வலி போகலாம். ஆனா நரம்புல பட்டுட்டா விரல் மரத்தே போயிரலாமாம். மறுபடி பால் கறக்க முடியுமான்னுதான் எங்க ஊட்டுக்காரர் கேப்பார்னு நெனச்சேன். அவர், "ராத்திரி தூங்குவாளுங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

திரும்பி வர்றப்ப சித்தூர் பஸ்ஸுல, "நான் முழிச்சிருக்கறது உங்களுக்குத் தெரியுமாங்க?"ன்னேன்.

"நீ கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறப்ப எனக்கெப்படிப் புள்ள தூக்கம் வரும்? பண்றதும் வேண்டாங்கறதும் உன்ற இஷ்டம்"னார்.

இத்தனை வருசமா தனியா முழிச்சிருக்கறதா நெனச்சிருந்தேன். மனசு நெறஞ்சு போச்சு. பயம் இருக்குது, விரல் மரத்துட்டா... இருந்தாலும் பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். பக்கத்துக் கட்டில்ல இன்னும் குறட்டைச் சத்தம் இல்ல. நான் படுத்தாத்தான் அவரும் தூங்குவார்.