வண்டி வராத பாதையில் விழுந்த அந்தோனிக்கு

அன்பு மச்சான் அந்தோனி,

நீ போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. உன் நினைவு நாளுக்குப் படம் போட்டு ஒரு கடதாசி அச்சடித்து, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ராணி ஆட்களுக்குக் கொடுப்பாளே, இந்த முறை அதற்கு என்னிடம் கேட்டாள். "நாலு வரி சொல்லுங்கண்ணே. கடைசியா அவரோட இருந்தது நீங்கதானே" என்றாள். அந்த நாலு வரி எனக்கு வரவில்லை. வந்தது இந்தக் கடிதம்தான். நான் சொல்லச் சொல்ல என் மனைவி சாந்தி எழுதுகிறாள்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தோனி என் தங்கை ராணியின் புருஷன். அதற்கும் முன்னால் என் கூட்டாளி. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் நாங்கள். அவன் அலுவிகாரையில் வெல்டிங் கடை போட்டான். நான் மிளகும் கிராம்பும் ஏற்றும் லொறி ஓட்டினேன். நாற்பத்து மூன்று வயதில் சீனி வருத்தம் என் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. உனக்கு நினைவிருக்கும். ஒருநாள் நீ வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஏதோ இரும்பின் மேல் வைத்தாய். ஒரு சீட், ஒரு ஹாண்டில், அதற்குப் பின்னால் இன்னொரு சீட், இன்னொரு ஹாண்டில். இரண்டு பழைய சைக்கிளை வெட்டி ஒன்றாக ஒட்டியிருந்தாய்.

"என்னடா இது?"

"முன்னுக்கு நான். பின்னுக்கு நீ. பிரேக்கும் வளைவும் என் பொறுப்பு. நீ மிதிச்சா போதும்."

முதலில் மெயின் ரோட்டில்தான் போனோம். கடையைத் தாண்டி நூறு யார் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், பின்னாலிருந்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போனது. இரண்டு பேரும் இறங்கி ஓரத்தில் நின்றோம். இனி இந்த ரோடு வேண்டாம் என்று நீயே சொன்னாய். அதற்குப் பிறகுதான் டவுனுக்கு மேலே இருக்கிற காட்டுப் பார்க்குக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே வாசலில் குறுக்குக் கம்பி போட்டிருக்கும். மோட்டார் சைக்கிள்கூட உள்ளே விட மாட்டார்கள். சின்ன ரவுண்ட், குளத்துப் பாதை, காட்டைச் சுற்றிவரும் பெரிய ரவுண்ட் என்று மூன்று கொங்கிரீட் பாதை. நமக்குப் பிடித்தது பெரிய ரவுண்ட்.

ஞாயிற்றுக்கிழமைக்காக மற்ற ஆறு நாளும் இருந்தேன் மச்சான். மரநிழல் வருவதும் போவதும் முகத்தில் தெரியும். நீ வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாய். "வலது வளைவு, சாய். இப்ப இறக்கம். மேல ஒரு குரங்கு குந்திக்கிட்டு உன்னையத்தான் பார்க்குது, அதோட மச்சான்னு நினைக்குது போல." லொறி ஓட்டிய காலத்தில்கூட ரோட்டைப் பற்றிய பயம் எனக்கு எப்போதும் இருக்கும். அந்தப் பாதையில் அது இல்லை. எதிரே எதுவும் வராது, பின்னாலும் வராது என்று தெரிந்து மிதிப்பது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று கண் உள்ளவர்களுக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவேன்?

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போனோம். பெரிய ரவுண்ட் ஒன்று முடிந்து பாதைகள் பிரிகிற இடத்துக்கு வந்ததும் நீ காலை ஊன்றி நிறுத்தினாய். மூச்சு வாங்கியது.

"நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது மச்சான். இன்னைக்கி ஒன்னோட நிப்பாட்டுவோமா?"

"வயிறு முட்ட சோறு தின்னா அப்படித்தான். இன்னும் ஒரு ரவுண்ட் போவோம்டா. அடுத்த கிழமை மழை புடிச்சிரும்."

"சரி, புடிச்சிக்க" என்றாய் நீ.

அந்த ரவுண்டில் நீ குரங்கைப் பற்றிச் சொல்லவில்லை. வளைவை மட்டும் சொன்னாய். அதையும் நான் கவனிக்கவில்லை. பாதையின் அந்தக் கோடியில், ஏற்றத்தில், என் பெடல் திடீரென்று கனத்தது. நம் இரண்டு பேரின் பெடலையும் நீ ஒரே செயினில்தானே கோத்திருந்தாய். உன் கால் நின்றதை என் கால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ பிரேக்கைப் பிடித்தாய். சைக்கிள் முழுதாக நின்ற பிறகுதான் சாய்ந்தாய். என்னைக் கீழே போடாமல் நிறுத்திவிட்டு விழுந்தாய்.

உன் முகத்தைத் தடவினேன். வேர்வையில் நனைந்திருந்தது. மூச்சு இருந்தது. என் போனை எடுத்தால் சிக்னல் இல்லை, கோல் போகவில்லை. உன் போனைத் திறக்க எனக்குத் தெரியாது. கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். நாம் அந்தப் பாதையை விரும்பியதே ஒரு வண்டியும் வராது என்பதற்காகத்தான். வரவில்லை.

உன்னை விட்டுவிட்டு நடந்தேன். ஒரு கால் கொங்கிரீட்டில், ஒரு கால் புல்லில், இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இரண்டு இடத்தில் பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து "மச்சான்" என்று கேட்ட மாதிரி இருந்தது. திரும்பி ஓடினேன். தவழ்ந்து தடவி உன்னைக் கண்டுபிடித்தேன். நீ பேசவில்லை. மறுபடியும் முதலிலிருந்து நடந்தேன். நீ கூப்பிட்டாயா அந்தோனி? இல்லை, ஏதாவது பறவையா? அந்தப் போய்வந்த நேரம்தான் உனக்கு வேண்டியிருந்த நேரமா?

சைக்கிளில் வந்த இரண்டு பெண் பிள்ளைகள் நான் கத்திச் சொன்னதைக் கேட்டு சைக்கிளை வாசலுக்குத் திருப்பினார்கள். வாசலில் காவலிருக்கும் வாச்சர் பண்டார குறுக்குக் கம்பியைத் தூக்கி, த்ரீவீலர் ஒன்றை உள்ளே விட்டார். அந்தப் பாதையில் நான் கேட்ட முதல் எஞ்சின் சத்தம் அது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உன் மூச்சு நின்றிருந்தது. டொக்டர் கேட்டார், வலி எப்போது தொடங்கியது என்று. ராணி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை என் தோளில் இருந்தது.

"வலின்னு ஒன்னும் சொல்லல டொக்டர். ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாரு" என்றேன்.

அதைத்தான் இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொன்னேன். உன்னை அடக்கம் செய்த அன்று ஃபாதரிடமும் சொன்னேன்.

நீ போன பிறகு பார்க்கில் நடந்ததையும் கேள். கார்த்திகை மழையில் பெரிய ரவுண்ட் பக்கம் மலை சரிந்தது. பாதி பாதையைக் காணவில்லை. சாந்தி என்னைக் கூட்டிக்கொண்டுபோனாள். இனி அதைக் கட்ட மாட்டார்கள் என்று பண்டார சிங்களத்தில் சொன்னார். மற்ற இரண்டு பாதைக்கும் எந்த மரியாதையும் இல்லாமல் போய்விட்டது. குறுக்குக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். வேன் எல்லாம் குளம் வரைக்கும் போய் நிற்கிறது. நான் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் மூன்று முறை ஹோர்ன் அடித்து என்னை ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

வண்டிகளை நிறுத்தச் சொல்லி சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் ஒரு கடிதம் தயாரித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். உன் பெயர் சொல்லி என்னிடமும் வந்தார்கள். "அந்தோனி அண்ணன் இருந்திருந்தா முதல்ல போட்டிருப்பாரு" என்றார்கள். உண்மைதான். நான் போடவில்லை. அன்றைக்கு ஒரு வேன், ஒரேயொரு வேன் அந்த வழியாக வந்திருந்தால் நீ இருந்திருப்பாய் என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது. வண்டி வருகிற பாதையாக இருந்தால் நாம் அங்கே போயிருக்கவே மாட்டோம் என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. எதை நம்பி நான் கையெழுத்துப் போடுவது?

ராணி அந்த நாலு வரியைக் கேட்டுவிட்டுப் போனதும் எனக்கு ஒன்று தெரிந்தது. பொய்யை அச்சடித்து மாதா கோயில் வாசலில் கொடுக்க முடியாது. மூன்று கிழமைக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போனேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ராணி, முதல் ரவுண்ட் முடிஞ்சதுமே அவன் நெஞ்சு இறுக்குதுன்னு சொன்னான். நிப்பாட்டுவோமான்னு கேட்டான். நான்தான் இன்னும் ஒன்னு போவோம்னேன்."

துருவும் சத்தம் நின்றது.

"டொக்டருக்கு நீங்க அப்படிச் சொல்லலையே."

"சொல்லல."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

அவள் கை கழுவுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கழுவினாள்.

"சொல்லிட்டா உங்களுக்கு மனசு லேசாயிரும். எனக்கு இனி தெனமும் அந்த ரெண்டாவது ரவுண்ட்தான்ணே ஓடும்."

"நான் அந்த நாலு வரிய எழுதல, ராணி. வேற யாருகிட்டயாவது கேளு."

"இல்ல. நீங்களே எழுதுங்க. இதையும் எழுதுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

அது தண்டனையா, விடுதலையா? அவள் முகத்தைப் பார்க்க முடிந்திருந்தால் தெரிந்திருக்கும். த்ரீவீலர் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எனக்குப் போன் பண்ணவில்லை. நான் பண்ணினாலும் பதில் இல்லை. நிப்பாட்டுவோமா என்று நீ கேட்டதை நான் சொன்னபோது சாந்தியும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். வெகு நேரம் கழித்துத்தான் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன். பதில் சொல்ல முடியாத ஆளிடம் அதைக் கேட்பது எனக்கு வசதி, அவ்வளவுதான். ராணியிடமும் கேட்க மாட்டேன். உன் நாளன்று காலையில் அவள் கல்லறைக்கு வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகட்டும். அதுவரை நான் வெளியே கேட் வாசலில் நிற்கிறேன். அவள் போன பிறகு உள்ளே வருவேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வருவேன். என்றைக்காவது அவள் நின்று என் கையைப் பிடித்தால் சேர்ந்து வருவேன். பிடிக்காமல் தாண்டிப் போனாலும் அடுத்த வருஷம் அதே இடத்தில் நிற்பேன். இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் கூட்டாளி,
ராணிக்கு இன்னும் அண்ணன்தானா என்று தெரியாத உன் மச்சான்,
சிவலிங்கம்