ஒரு அறைக்கு ஒரு அணி

பிப்ரவரி 4

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். நீ பெரிய மனுஷன், போனை எடுக்க நேரமில்லை. அதனால்தான் கடிதம்.

நீ நடத்தும் ரோபோ போட்டிக்கு இந்த வருஷம் முந்நூறு அணி வந்து நிற்கிறதாம். பாதியைக் கழித்துக்கட்டப் போகிறாயாம். உன் தங்கை மகள் வாலு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இது கடைசி வருஷம், இதை விட்டால் கிடையாது. அவளைத் தள்ளிவிடாதே.

பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. நான் அஞ்சாம் கிளாஸ். ஆனாலும் எது வேலை, எது விளையாட்டு என்று தெரியும். பின் அறையில் அவள் செய்த வண்டி தானே பெட்டி தூக்கி அடுக்குகிறது. எதிர் வீட்டு இரட்டைப் பெண்கள் தனி அணி, அவர்களும் வண்டி செய்வது இதே அறையில்தான். பேட்டரியைத் திருப்பி மாட்டுகிற மக்குகள். "தள்ளுங்கடி!" என்று அவர்கள் வண்டிக்கும் இவளே ஒயர் பூட்டிக் கொடுத்தாள். ஒரே மேஜை, ஒரே பெண், ரெண்டு வண்டி! எவன் வீட்டில் இருக்கு இப்படி ஒரு பிள்ளை?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. இருப்பது எட்டு ஆடுகளம். யாரை வெட்டுவது என்று குழுவில் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தோம். கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார்கள். ஒரே இடத்தில் வண்டி செய்பவர்களுக்கு ஒரே அணிதான் என்று அங்கேயே விதி போட்டோம். தொண்ணூறு அணி ஒழிந்தது. மற்றவர்களுக்கு வட்டாரச் சுற்று.

உங்கள் அறையிலிருந்து இரட்டையரை எடுத்துக்கொண்டேன். வாலுவை எடுத்தால் சொந்தக்காரி என்று பேச்சு வரும். தன் வீட்டிலேயே கத்தியை வைத்தாரே என்று எனக்குக் கைதட்டல் வேறு!

போட்டியன்று ஆள் வேண்டும். வாலு சும்மாதானே இருப்பாள், பேட்டரி சுமக்க அனுப்புங்கள்.

பாசமுள்ள மகன்

மார்ச் 2

மகனுக்கு,

உன் கிறுக்கல் எனக்குப் புரியாது. வாலுவைத்தான் வாசிக்கச் சொன்னேன். பேட்டரி சுமப்பது வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தாள். மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு நாளாவது பெருமை பீத்திக்காம இருக்க முடியாதா பாட்டி உன்னால?" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"அக்கா, வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்று இரட்டையர் வந்து நிற்கிறார்கள். சரிசெய்து கொடுக்கிறாள்.

விதி போட்டவன் நீ. மாற்று. உன் காலில் விழ வேண்டுமா, விழுகிறேன்.

அம்மா

மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

விதி எல்லோருக்கும் பொது. போட்டி சிறப்பாக முடிந்தது. இரட்டையருக்கே முதல் பரிசு! நடுவில் அவர்கள் வண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. சுமந்துகொண்டிருந்த பேட்டரியைப் போட்டுவிட்டு வாலு ஓடி வந்தாள். "நீ போட்டியாளர் இல்லை, தொடாதே" என்று மைக்கிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அழுகையை அடக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள், நல்ல பிள்ளை.

அடுத்த வருஷம் ஐந்நூறு அணி வரும். இன்னொரு கடிதம் எழுதுங்கள் அம்மா, விதி போட உதவும்!

மகன்

ஏப்ரல் 1

தம்பி,

நீ கேட்ட கடிதம் இது. குழுவில் வாசி.

வாலு இன்னும் என்னிடம் பேசவில்லை. அவள் பேசுவதற்குள் நான் போய்விடுவேன் போலிருக்கிறது. நான் செத்தால் உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். என்னைத் தூக்க நாலு பேர் போதும். கூட்டத்தைக் குறைக்க உனக்குச் சொல்லியா தர வேண்டும்? முதலில் உன்னைக் குறைத்தேன்.