பிள்ளை கேட்கச் சொன்னது

மல்கிரேவ்
29.06.2025

திரு. ஆனந்தராஜா அவர்களுக்கு,

மூன்று கிழமையாகப் போனில் உங்கள் "ம்" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் களைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். "ம்" என்று மட்டும் எழுதி முத்திரை ஒட்ட உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

சிட்னியிலிருந்து மகள் ராகவி போன் எடுத்தாள். "அப்பா ஏனம்மா அந்த மலைக்கே வேலைக்குப் போனவர்?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? எங்கள் பிள்ளை கீர்த்தனன் பனி பார்க்கப் போய், திரும்பும் வழியில் கார் சறுக்கிச் செத்த மலை அது. முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்ற மனிதர், ஓய்வெடுத்து வீட்டில் இருக்க வேண்டிய வயதில் அங்கே பனி வழிக்கப் போயிருக்கிறார். எனக்கே விளங்கவில்லை, ராகவிக்கு எப்படி விளக்குவது?

பிள்ளை போய் ஒரு வருடமாகிறது. ஆட்டைத் திவசம் திதிப்படி ஜூலை 30, புதன்கிழமை. ஐயருக்குச் சொல்லியாயிற்று. முதல் நாளே வந்துவிடுங்கள்.

இரஞ்சிதம்

பி.கு. கம்பளிக் கையுறையை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறீர்கள். இத்துடன் அனுப்புகிறேன்.


மலை விடுதி
06.07.2025

அன்புள்ள இரஞ்சிதம்,

கையுறை கிடைத்தது. பெருவிரலில் இருந்த ஓட்டையைத் தைத்திருக்கிறாய்.

காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். பதினொரு மணிக்குப் பஸ்களில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் சனமும் வரும். வாடகைச் சப்பாத்தோடு சறுக்கி விழுந்து, றோல்ஸும் தேத்தண்ணியும் முடித்து, படம் எடுத்துக்கொண்டு நாலு மணிக்குப் போய்விடுவார்கள். நாங்களும் அப்படித்தானே வந்தோம். பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. காட்டுக்குள் போக வேண்டும் என்று அழுதான். பஸ் விட்டுவிடும் என்று நான்தான் இழுத்து வந்தேன்.

இப்போது வேலை முடிந்ததும் நான் அந்தக் காட்டுக்குள் போகிறேன். இங்கே மரங்கள் பனிக்கு இலை உதிர்ப்பதில்லை. யூக்கலிப்டஸ்தான், ஆனால் குள்ளமாக முறுகி நிற்கும். ஈரப்பட்ட பட்டையில் பச்சையும் செம்மஞ்சளும் கோடு கோடாகத் தெரியும். நேற்றுக் கடும் குளிர், மைனஸ் ஏழு. ஒவ்வொரு இலையையும் பனிக்கட்டி மூடியிருந்தது. ஒன்றை மெல்லக் கழற்றினேன். இலை கொப்பிலேயே நின்றது. கையில் வந்த கட்டியில் இலையின் நரம்பெல்லாம் அச்சாகப் பதிந்திருந்தது. உனக்குக் காட்ட ஆசையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துவிட்டது.

காற்று நின்றால் ஒரு சத்தமும் இல்லை. என் சட்டை உரசுவதுகூடப் பெரிதாகக் கேட்கிறது. அதனால் அசையாமல் நிற்பேன்.

திவசத்துக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆனந்தராஜா


மல்கிரேவ்
15.07.2025

ஆனந்தராஜா அவர்களுக்கு,

"வரப் பார்க்கிறேன்" என்பது தெரிந்தவர் வீட்டுக் கலியாணத்துக்குச் சொல்லும் பதில். பெற்ற பிள்ளையின் திவசத்துக்கா?

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கவிழ்த்து வைத்தேன். அந்தக் காடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது அழகாக இருக்கக் கூடாது.

செத்தவீட்டில் நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஆனந்தராஜா கல்லு மனுசன்" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான்தான் அவர்களோடு சண்டை பிடித்தேன். முப்பதாம் திகதி நீங்கள் வராவிட்டால் இனி யாரோடும் சண்டை பிடிக்க மாட்டேன். வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டுக் கலாவிடம் கொடுத்துவிட்டு, சிட்னியில் ராகவியோடு இருக்கப் போகிறேன். இது வெருட்டு இல்லை.

இரஞ்சிதம்


மலை விடுதி
30.07.2025

அன்புள்ள இரஞ்சிதம்,

இன்று புதன். பாதை திறந்திருந்தது, பஸ்ஸும் போனது. நான்தான் ஏறவில்லை. சாட்டுச் சொல்ல மாட்டேன்.

ஒரு வருடமாக உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று மூன்று மணிக்குப் பிள்ளை எனக்குப் போன் எடுத்தவன். "அப்பா, காட்டுக்குள்ளை நிக்கிறன். ஒரு சத்தமும் இல்லை. கேளுங்கோ" என்றான். போனை வெளியே பிடித்திருப்பான் போல. என் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வேலையிலை நிக்கிறன், பிறகு எடு" என்று வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு அவன் இல்லை.

அவன் கேட்கச் சொன்னதைக் கேட்கத்தான் இங்கே வந்தேன். செத்தவீட்டில் வாயைத் திறந்தால் இதுதான் வரும் என்று பயந்தேன். இன்றும் உன் முகத்துக்கு முன்னால் இதை வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

விடுதிக் குசினியில் சோறும் பருப்பும் ஆக்கினேன். கத்தரிக்காய்க் குழம்பு உன்னுடையது போல வரவில்லை. காட்டுக்குள் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் வாழையிலை இல்லாமல், பனிமேலேயே படைத்தேன். இந்த மலையில் காகத்தைக் கண்டதில்லை. மஞ்சள் கண்ணோடு கறுப்பாக ஒரு பறவை வந்து ஒரு வாய் எடுத்தது. பின்னாலேயே காட்டுக் காவலரும் வந்துவிட்டார். இங்கே பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக் கூடாதாம். மன்னிப்புக் கேட்டு, மிச்சச் சோற்றை அள்ளி, அங்கேயே நின்று நானே சாப்பிட்டேன். அப்போதுதான் அழுதேன். பாவம், அந்த மனிதர் போகவும் தெரியாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்.

இனி உன் முடிவு.

ஆனந்தராஜா


மல்கிரேவ்
04.08.2025

இஞ்சாருங்கோ,

கடிதம் இன்று பகல் வந்தது. வாசித்து முடித்ததும் உங்களைத் திட்டினேன். ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதையா மறைத்தீர்கள்? பிறகு, அம்மாவுக்கு ஏன் எடுக்கவில்லை என்று பிள்ளையையும் திட்டினேன். எடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "குளிருக்கை நிக்காதை, தொப்பியைப் போடு, கெதியா வா." நானும் கேட்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை இங்கே காகம் வரவில்லை. ஐயரும் போய், வந்த சனமும் சாப்பிட்டுப் போன பிறகு, வேலியோரம் வைத்த படையலைப் பார்த்துக்கொண்டு பட்டினி இருந்தேன். பிள்ளைக்கு என்னில் கோபம் என்று நினைத்தேன். அவன் அங்கே சாப்பிட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை ராகவி வருகிறாள். சனிக்கிழமை என்னை அங்கே கூட்டி வருவாள். பனியில் சறுக்காமல் இருக்கக் கார்ச் சக்கரத்துக்குச் சங்கிலி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருவேன். கத்தரிக்காய்க் குழம்பு கொண்டு வருகிறேன். பறவைக்கு வைக்க மாட்டேன், காவலருக்கு ஒரு கோப்பை தருவேன் என்று சொல்லுங்கள்.

மூன்று மணிக்கு என்னைக் காட்டுக்குள் கூட்டிப் போங்கள். நான் ஒன்றும் கதைக்க மாட்டேன்.

உங்கள்
இரஞ்சி