இருபத்தேழாம் எண் கடிதம்

என் பிரிய மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டாம், நீங்கள் எழுதி நகல் வைத்திருந்த கடிதங்களைச் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போட்டு, நினைவு நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்வது? ஒன்றரை மாதமாக அலைகிறேன். இன்னும் அச்சுக்கே போகவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் புவனகிரியில் பத்திரம் எழுதியவர். வாரம் முழுக்க ஊராருக்குக் கிரயப் பத்திரம், மனு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உலகத் தலைவர்களுக்கு மனு. ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் எழுதியதற்காகவோ வரைந்ததற்காகவோ பாடியதற்காகவோ ஜெயிலுக்குப் போனார் என்று பேப்பரில் வந்தால் போதும், உட்கார்ந்துவிடுவார்.

அதையும் தாலுகா ஆபீஸ் மனு மாதிரியேதானே எழுதுவீர்கள் மாமா? அனுப்புநர், பெறுநர், பொருள். 'கேலிச்சித்திரம் வரைந்தவரை விடுதலை செய்யக் கோருதல் தொடர்பாக.' எந்த தேசத்து ராஜாவாக இருந்தாலும் கடைசியில் 'நகல்: மாவட்ட ஆட்சியர், கடலூர்.' "அந்த ராஜாவுக்கும் நம்ம கலெக்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், "இன்னொருத்தருக்கும் தெரியும்னு இருந்தாதான் கொஞ்சமாவது யோசிப்பான்" என்பீர்கள். பதில் போட வசதியாக நம்மூர் ஸ்டாம்பு ஒட்டிய கவரும் உள்ளே இருக்கும். அது அங்கே செல்லாது என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன். "அது ஒரு மரியாதைக்கு" என்பீர்கள். அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான். வாரத்தில் ஐந்து நாள் கீரப்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் குமாஸ்தா.

சிதம்பரத்தில் அச்சகம் வைத்திருக்கும் கலியபெருமாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் நாள் என்ன மரியாதை தெரியுமா? "அண்ணன் இவ்ளோ பெரிய ஆளா டீச்சர், நமக்குத் தெரியாமப் போச்சே" என்று டீ வாங்கிக் கொடுத்தார். நாலாம் நாள் போன் வந்தது.

"டீச்சர், இந்த ஒண்ண மட்டும் எடுத்துருவோம். எம் மவன் அந்த நாட்லதான் வேல பாக்குறான். யாராவது போட்டோ புடிச்சிப் போட்டுட்டா அவனுக்குத்தான் ஆபத்து."

பிள்ளை விஷயம். சரி என்று வைத்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு போன். நம் நாட்டிலேயே ஒரு பாட்டைத் தடுத்தது பற்றிய கடிதம். "எலெக்சன் நேரம் டீச்சர், வேணாம்." அதன் பிறகு சாமி சம்பந்தப்பட்ட ஒன்று. "நம்ம ஊர்ல இதெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தி பாப்பாங்க." இன்னொரு கடிதத்தில் அவருக்கே குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் 'தடை' என்ற வார்த்தை அட்டையைத் திறந்ததுமே வருகிறதாம், பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதாம். தடையை எதிர்த்து எழுதியதில் தடை என்று வராமல் தேங்காய் என்றா வரும்?

கலியபெருமாள் கெட்டவர் இல்லை மாமா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம். இவர் அக்கறையாக வெட்டுகிறார். உங்கள் பேர் கெடக் கூடாது, எனக்குத் தொந்தரவு வரக் கூடாது, அவர் பிழைப்பு நடக்க வேண்டும். நீங்கள் போன பிறகு உலகம் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போனில் ஒரு வரி போட்டதற்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஓட்டுப் போடும் நாளில் இன்டர்நெட்டையே நிறுத்திவிடுகிற நாடு இருக்கிறது. பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டுகிற நாடும் இருக்கிறது. காரணம் கேட்டால் எல்லா பாஷையிலும் ஒன்றுதான்: உங்கள் நல்லதுக்குத்தான். இத்தனை பேருக்கும் இதை எழுதிக் கொடுத்தது யார்?

போன வாரம் நேரிலேயே போய்விட்டேன். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன். "செத்துப்போன மனுஷன் எழுதினத வெட்ட நீங்க யாரு? இது அவரு வாய மூடறது இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. பைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "ஒண்ணு கேக்கலாமா டீச்சர்? அண்ணன் எல்லாத்துக்கும் செவப்பு மையில நம்பர் போட்டுருக்காரு. இருவத்தாறு இருக்கு, இருவத்தெட்டு இருக்கு. இருவத்தேழு எங்க? நான் எடுக்கல. வரும்போதே இல்ல."

எங்கேயாவது தொலைந்திருக்கும் என்றேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்தவள், கூசாமல் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இருபத்தேழின் நகலை பைலிலிருந்து எடுத்தது நான்தான்; என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அப்படி ஒரு கடிதம் உண்டு என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இனி எல்லாருக்கும் தெரியட்டும்.

பல வருஷம் முன்னால் எங்கள் பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் எட்டாம் வகுப்பு கௌசல்யா ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தாள். பெண்கள் கழிவறையில் தண்ணீர் வராததைப் பற்றி. அடுத்த நாள் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருவதாக இருந்தது. பள்ளி விட்ட பிறகு நானே போய் அதைக் கிழித்தேன். அவளை நான் திட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது உங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தபால்காரர் பதிவுத் தபால் கொண்டுவந்தார். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அனுப்புநர், நீங்கள். பெறுநர், 'மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்கள்.' பொருள், 'எட்டாம் வகுப்பு மாணவியின் கட்டுரையை மீண்டும் ஒட்டக் கோருதல் தொடர்பாக.' ராஜாக்களுக்கு எழுதிய அதே பணிவு, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு எனக்குப் பதிவுத் தபாலா என்று எட்டு நாள் உங்களோடு பேசவில்லை. நீங்களும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு வேறொரு நாட்டுக்கு மனு எழுதினீர்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

பதில் வராத கடிதங்களின் நகலுக்குப் பின்பக்கத்தில் பென்சிலால் 'பதில் இல்லை' என்று குறித்து வைப்பீர்களே, இருபத்தேழை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உங்களை என்ன செய்தால் தகும்?

நேற்று கௌசல்யாவைப் பார்த்தேன். புவனகிரியில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். உன் கட்டுரையைக் கிழித்தது நான்தான் என்று சொன்னேன். கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"அதுல என்ன எழுதுனேன்னு எனக்கு ஞாபகம் இல்ல டீச்சர். மறுநாள் வந்து பாத்தேன், காணோம். நாமதான் தப்பா எழுதிட்டம் போலருக்குன்னு நெனச்சிக்கிட்டேன். அதோட எழுதறத விட்டுட்டேன்."

எனக்கு ஞாபகம் இருக்கிறது மாமா. கிழித்தவளுக்கு அது மனப்பாடம். அந்தக் கடையில் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன்: 'எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. கழிவறையில் தண்ணீர் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிப்போம். அப்போது அம்மா, மெதுவாகக் குடி என்று திட்டுவார்.'

கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கேன் இல்ல டீச்சர்?" என்றாள்.

புத்தகம் வரும் மாமா. கலியபெருமாள் போடாவிட்டால் கடலூரில் போடுவேன், அங்கேயும் மாட்டேன் என்றால் ஜெராக்ஸ் எடுத்துத் தைப்பேன். அவர் மகன் இருக்கும் நாட்டுக் கடிதத்தை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மற்றதில் ஒரு வரியும் குறையாது. முதல் பக்கத்தில் இருபத்தேழு, என் பெயரோடு, பள்ளியின் பெயரோடு. அடுத்த பக்கத்தில் கௌசல்யாவின் கட்டுரை, அவள் பெயரோடு. அவளிடம் கேட்டுவிட்டேன், போடச் சொன்னாள். அதற்கடுத்து இந்தக் கடிதம். அந்த 'பதில் இல்லை'யை இன்று ரப்பர் வைத்து அழித்துவிட்டேன்.

இத்தனை வருஷம் கழித்துப் பதில் எழுதும்,
உங்கள் வீட்டுக்காரி
விசாலாட்சி